முவக்கித்துகளும் கோளரங்கத் தொண்டர்களும்





எங்கள் மதரஸாவில் முன்பு ஓதிய மாணவி ஒருத்தியின் தாயார் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மகள் இப்போது கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். விடுமுறை நாள்களில் கோளரங்கத்திற்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டி விளக்கும் தொண்டுக்கு அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். "ஹஜ்ரத், இதற்குச் சம்பளம் கிடையாது. போகவர ஆகும் செலவும் நம்முடையது. குர்ஆன் ஓதுவதற்கே அவளுக்கு நேரம் போதவில்லை. மார்க்கத்திற்கும் நட்சத்திரம் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்? இவளை அனுப்பலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"அனுப்புங்கள்மா" என்று மட்டும் அப்போது சொன்னேன். அந்தத் தாய் மனம் நிறைவடையாமலே சென்றார். அது அவர் குற்றமன்று. ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியாக அது இல்லை. நம் முன்னோரின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அந்த விடைக்குப் பொருள் விளங்கும். ஆகவே இக்கட்டுரையை அவருக்கும், அவரைப் போன்று எண்ணும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்.

வானத்தைப் பார்த்து வணங்கும் சமுதாயம்

ஐவேளைத் தொழுகையின் நேரங்களை எண்ணிப் பாருங்கள். சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவை எட்டும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். அதன் இரு மடங்கை எட்டும்போது ஹனஃபீ மத்ஹபின்படி அஸர். நம் ஊர்களில் இரண்டு பள்ளிவாசல்களில் அஸர் பாங்கு வெவ்வேறு நேரத்தில் ஒலிப்பதற்கு இந்த நிழலே காரணம். கதிரவன் முழுதும் மறைந்ததும் மஃரிப். அந்திச் செம்மை நீங்கியதும் இஷா. கீழ்வானில் உண்மை வைகறை பரவியதும் ஃபஜ்ர். ரமலானும் ஹஜ்ஜும் பிறையைச் சார்ந்தவை. கிப்லாவோ பூமியின் வடிவத்தையும் மக்காவின் இருப்பிடத்தையும் சார்ந்தது. நம் சுவர்க் கடிகாரமும் பள்ளிவாசலில் தொங்கும் கால அட்டவணையும் யாரோ ஒருவர் வானத்தைப் பார்த்துக் கணக்கிட்டதன் பயன்கள்.

வானத்தைப் பார்ப்பது என்பதற்குச் சகுனம் பார்ப்பது என்று பொருளன்று. இதை அண்ணலார் (ஸல்) அவர்களே தெளிவாக்கியிருக்கிறார்கள். அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்பர். குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். மகனை இழந்த துயரத்திலும் அப்பேச்சை நபியவர்கள் அனுமதிக்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்றும், அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும் அறிவித்துத் தொழுகையில் நின்றார்கள். தம் வீட்டுத் துயரத்தைப் பெருமைப்படுத்தும் ஒரு பொய்யைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. வானியல் பேசும் முஸ்லிமுக்கு இதுவே முதற்பாடம்.

பக்தாதுக்குச் சென்ற இந்திய நூல்

கி.பி. 770களில் கலீஃபா அல்மன்ஸூரின் அவைக்கு நம் இந்திய மண்ணிலிருந்து ஒரு வானியல் நூல் சென்றது. அல்ஃபஸாரி போன்ற அறிஞர்கள் அதை அரபியாக்கினர். 'சிந்துஹிந்து' என்ற பெயரால் அது அறியப்பட்டது. அடுத்த தலைமுறையில் அல்குவாரிஸ்மி அந்த அடிப்படையில் தம் வானியல் அட்டவணைகளை அமைத்தார்.

பிறை தென்படுமா என்பதற்கு அந்நாளில் வழங்கிய விதி ஒன்று நமக்குச் சிறப்பாகப் பயன்படும். கதிரவன் மறைந்து சுமார் 48 நிமிடங்கள் கழித்துச் சந்திரன் மறையுமாயின் பிறை தென்படும் என்பது அவ்விதி. வானம் 12 பாகை சுழல எடுத்துக்கொள்ளும் நேரமே அந்த 48 நிமிடங்கள். இவ்விதி இந்திய வானியலிலிருந்து பெறப்பட்டது. பின்வந்தவர்கள் அதைச் சோதித்தார்கள், குறை கண்டார்கள், திருத்தினார்கள். எங்கிருந்து வந்தது என்று பார்த்து அவர்கள் அறிவை ஒதுக்கவில்லை. வந்தது சரிதானா என்று மட்டுமே பார்த்தார்கள்.

கலீஃபா அல்மஃமூன் காலத்தில், ஏறத்தாழ 828ஆம் ஆண்டில், பக்தாதின் ஷம்மாஸிய்யா பகுதியிலும், பிறகு திமிஷ்கின் காஸியூன் மலையிலும் முறையான வான்நோக்கு நடந்தது. 833இல் அல்மஃமூன் மறைந்தார். அப்பணியும் அத்துடன் அடங்கியது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது மீண்டும் மீண்டும் நிகழப்போகிறது.

முவக்கித் என்றொரு பணி

13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பள்ளிவாசல்களில் ஒரு புதிய பணி தோன்றியது. இமாம், முஅத்தின் ஆகியோரோடு 'முவக்கித்' என்றொருவரும் அமர்த்தப்பட்டார். 'வக்த்' என்றால் நேரம். முவக்கித் என்பவர் நேரங் கணிப்பவர். நாள்தோறும் தொழுகை நேரங்களைக் கணக்கிடுதல், கிப்லாவைச் சரிபார்த்தல், சூரியக் கடிகாரங்களையும் உயரம் அளக்கும் கருவிகளையும் செய்து பேணுதல், மாணவர்களுக்குக் கற்பித்தல் ஆகியவை அவர் கடமைகள். கெய்ரோவிலிருந்து இப்பணி சிரியாவுக்கும், பின்னர் உஸ்மானியர் ஆட்சிப் பகுதிகளுக்கும் பரவியது. இஸ்தான்புல்லின் பெரிய பள்ளிவாசல்களை ஒட்டி 'முவக்கித்கானா' என்ற சிறு அறைகள் இருந்தன. தெருவில் செல்வோர் அங்கே நின்று தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அவ்வறைகள் இயங்கின.

முவக்கித்துகள் முற்றிலும் ஊதியமின்றிப் பணியாற்றியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வக்ஃபு வருமானத்திலிருந்து உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அந்த வக்ஃபு எங்கிருந்து வந்தது? தன் கடையையோ தோட்டத்தையோ, இனி இது எனக்கன்று, அல்லாஹ்வுக்காக மக்களுக்கு என்று எழுதிவைத்த மனிதர்களிடமிருந்து வந்தது. ஒருவர் பொருளை விட்டுக்கொடுத்தார்; மற்றொருவர் தம் இரவுகளை விட்டுக்கொடுத்தார். இரண்டும் சேர்ந்தே அப்பணி நடந்தது.

திமிஷ்கின் இப்னு ஷாத்திர்

முவக்கித்துகளுள் தலைசிறந்தவர் இப்னு ஷாத்திர் (ரஹ்). 1304இல் திமிஷ்கில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பாட்டனாரிடம் வளர்ந்த அவர் தந்தம் இழைக்கும் கைத்தொழிலைக் கற்றார். பின்னர் திமிஷ்கின் உமய்யா பெரிய பள்ளிவாசலின் தலைமை முவக்கித்தானார். தந்தம் இழைத்துப் பழகிய அந்தக் கை, நேரக் கருவிகள் செய்வதிலும் தேர்ந்திருந்தது.

1371-72இல் (ஹிஜ்ரி 773) அப்பள்ளிவாசலின் வடக்கு மினாராவுக்கு அவர் பளிங்கில் ஒரு சூரியக் கடிகாரம் செய்தார். அதன் நீளம் சுமார் 2 மீட்டர். அகலம் சுமார் 1 மீட்டர். எழுஞாயிற்றிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது, மறைவுக்கு எவ்வளவு நேரம் உள்ளது என்பவற்றோடு, தொழுகை நேரங்களையும் அதன் கோடுகள் காட்டின. 19ஆம் நூற்றாண்டில் அது உடைந்தபோது, அக்காலத்து முவக்கித்தான தன்தாவி என்பவர் அதே அமைப்பில் மற்றொன்றைச் செய்து அங்கே வைத்தார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்தும் அதே பள்ளியில் அதே பணியில் ஒருவர் இருந்தார். முன்னவரின் கோடுகளைப் படித்து மீண்டும் வரையவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்னு ஷாத்திரின் மற்றொரு சாதனை பல நூற்றாண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்தது. கிரேக்க அறிஞர் தாலமியின் கணக்கின்படி, சந்திரன் சில வேளைகளில் நமக்கு மிக அருகில் வரவேண்டும். அப்போது அது ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாகத் தோன்றவேண்டும். நிலாவைப் பார்த்த எவருக்கும் அது அவ்வாறு தோன்றுவதில்லை என்பது தெரியும். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கணக்கே வழங்கிவந்தது. இப்னு ஷாத்திர் கண்ணால் காண்பதோடு பொருந்தும் புதிய அமைப்பை வகுத்தார். 1543இல் வெளியான கோபர்நிகஸின் நூலில் உள்ள சந்திரனின் கணித அமைப்பும் இதுவும் ஒன்றே என்பதை 1957இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். இது அங்கே எவ்வழியாகச் சென்றது என்பது இன்றும் ஆய்வில் உள்ளது. ஆகவே, கோபர்நிகஸ் நம்மவரிடம் திருடினார் என்று மேடையில் முழங்குவது முறையன்று.

அதே நகரில் அதே காலத்தில் வாழ்ந்த மற்றொரு முவக்கித் அல்கலீலி. திமிஷ்குக்கு ஆண்டு முழுவதற்குமான தொழுகை நேர அட்டவணைகளை அவர் கணித்தார். எந்த ஊரிலிருந்தும் கிப்லாவின் திசையை அறிய ஏறத்தாழ 3000 எண்கள் கொண்ட ஓர் அட்டவணையையும் தந்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கையால் போட்ட கணக்கு அது. அவருடைய அட்டவணைகள் 19ஆம் நூற்றாண்டு வரை திமிஷ்கில் பயன்பட்டன.

அரசர்கள் கட்டியவை என்னாயின?

இப்போது அரசர்களின் வானாய்வகங்களைப் பார்ப்போம்.

1259இல் மராகாவில் நஸீருத்தீன் தூஸியின் தலைமையில் ஒரு பெரும் ஆய்வகம் எழுந்தது. நிறுவியவர்கள் மறைந்த பின்னும் அது சில பதிற்றாண்டுகள் நின்றது. வக்ஃபு வருமானம் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தமை அதற்கு ஒரு முக்கிய காரணம்.

சமர்கந்தில் மன்னர் உலுக் பேக் 1420களில் கட்டிய ஆய்வகத்தில் சுமார் 40 மீட்டர் ஆரமுடைய பிரம்மாண்டமான அளவுவில் ஒன்று இருந்தது. அதன் கீழ்ப்பகுதி பாறைக்குள் வெட்டப்பட்டிருந்தது. அங்கு உருவான அட்டவணையில் 1018 விண்மீன்களின் இடங்கள் குறிக்கப்பட்டன. 1449இல் உலுக் பேக் தம் சொந்த மகனின் ஏற்பாட்டால் கொல்லப்பட்டார். ஆய்வகம் கைவிடப்பட்டு மண்மேடானது. அட்டவணை மட்டும், அவருடைய மாணவரும் துணைவருமான அலீ குஷ்ஜி போன்றோரால் இஸ்தான்புல் வரை சென்று பிழைத்தது.

இஸ்தான்புல்லில் தகிய்யுத்தீன் 1577இல் ஓர் ஆய்வகத்தை நடத்தத் தொடங்கினார். அவ்வாண்டு பெரிய வால்மீன் ஒன்று தோன்றியது. அது சுல்தானுக்கு நற்சகுனம் என்று தகிய்யுத்தீனும் கணித்துக் கூறினார். அதன்பின் நேர்ந்தவை நல்லவையாக இல்லை. அரண்மனைப் பூசல்களும் சமயத் தலைமையின் எதிர்ப்பும் சேர, 1580 ஜனவரியில் அரசாணையால் ஆய்வகம் இடிக்கப்பட்டது. இதைச் சொல்வதற்கு வேதனையாக உள்ளது. ஆயினும் மறைக்கக் கூடாது. ஆலிம்கள் சிலர் தவறிழைத்தனர். வானியலோடு சோதிடத்தைக் கலந்த அறிஞரும் தவறிழைத்தார். இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளின் பாடத்தை இரு தரப்பும் மறந்தன.

இவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். அரசரின் விருப்பத்தால் எழுந்தவை பெரும்பாலும் அரசரோடு முடிந்தன. ஷம்மாஸிய்யா சில ஆண்டுகள், இஸ்தான்புல் மூன்றாண்டுகளுக்குள், சமர்கந்து ஒரு தலைமுறை. பள்ளிவாசலின் சிறு அறையில் அமர்ந்து, மக்களின் அன்றாடத் தேவைக்காக வானத்தைப் பார்த்த முவக்கித்தின் பணியோ அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பெருங்கருவிகள் தேவையில்லை என்பதன்று என் கருத்து. ஓர் அறிவைப் பேணும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது அவரோடு போய்விடும். சமுதாயம் முழுவதும் அதில் கைகொடுத்தால் அது நிலைக்கும்.

வக்ஃபுப் பத்திரம் காட்டிய இடம்

உலுக் பேக்கின் ஆய்வகம் மண்ணுக்குள் மறைந்த பின், அது எங்கே இருந்தது என்பதே மறந்துபோயிற்று. 1908இல் வியாட்கின் என்ற ரஷ்யத் தொல்லியலாளர் அதைக் கண்டுபிடித்தார். அவருக்கு வழிகாட்டியது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வக்ஃபுப் பத்திரம். நிலத்தின் எல்லைகளைக் கூறும்போது ஆய்வகம் இருந்த இடத்தை அப்பத்திரம் குறிப்பிட்டிருந்தது. அங்கே தோண்டியபோது பாறைக்குள் வெட்டிய அளவுவில்லின் அடிப்பகுதி வெளிப்பட்டது. இன்று அவ்விடத்தை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் உள்ளது. அரசனின் மாளிகையை மக்கள் மறந்தார்கள். அறச்செயலுக்காக எழுதிய ஒரு தாள் அதை மீட்டுத் தந்தது. வியாட்கின் அந்த மேட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

பேராசிரியர் ஃபுவாத் செஸ்கின் (ரஹ்) அவர்களையும் இங்கு நினைவுகூர வேண்டும். துருக்கியில் 1960இல் ஏற்பட்ட ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அவர் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டுக்குச் சென்று, அரபுச் சுவடிகளில் எழுத்தாக மட்டும் இருந்த கருவிகளை மீண்டும் பொருள்களாகச் செய்வித்தார். அவற்றைக் கொண்டு 2008இல் இஸ்தான்புல்லின் குல்ஹானே பூங்காவில் இஸ்லாமிய அறிவியல் தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2018இல் அவர் மறைந்தார்.

ஹைதராபாத்திலிருந்து காவலூர் வரை

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத்தில் நவாப் ஸஃபர் ஜங் என்ற பிரபு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் சொந்தப் பொருளில் 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி ஓர் ஆய்வகத்தை அமைத்தார். 1907இல் அவர் மறைந்ததும் நிஜாம் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நிஜாமியா வானாய்வகம் என்று அது பெயர் பெற்றது. வானத்தைப் பங்கிட்டுப் படமெடுத்து விண்மீன்களின் இடங்களைக் குறிக்கும் பன்னாட்டுப் பணியில் அது பங்குகொண்டு, பல லட்சம் விண்மீன்களை அளந்தது.

அந்த ஆய்வகத்தில் பணிபுரிந்த ஒருவரின் மகன் அங்கேயே வானத்தைப் பார்த்து வளர்ந்தான். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்றான். அங்கே 1949இல் ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவனானான். அவர்தாம் வேணு பாப்பு. கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்த அவர், இருண்ட தெளிந்த வானத்தைத் தேடி நம் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1986இல் 2.3 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. நம் மக்கள் பெருமளவில் வாழும் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் அருகிலுள்ள இடம் அது. ஒரு முஸ்லிம் பிரபு தம் விருப்பத்தால் வைத்த கருவியின் நிழலில் ஓர் இந்துச் சிறுவன் வளர்ந்தான். அவர் கண்ட ஆய்வகம் இன்று நம் பிள்ளைகளின் வீட்டருகே இருக்கிறது. ஸதகத்துல் ஜாரியாவின் பலன் எங்கெங்கு போய்ச் சேரும் என்பதை வைத்தவர் அறியமாட்டார்.

தொண்டர் செய்வது என்ன?

நான் மூன்றாண்டுகளாக மாதம் ஓர் இரவு கோளரங்கம் ஒன்றில் இத்தொண்டில் ஈடுபட்டு வருகிறேன். வேலை மிக எளியது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது. இருட்டுக்குப் பழகிய கண் கூசாதிருக்கக் கைவிளக்கில் சிவப்புத் தாளைச் சுற்றுவது. குட்டைப் பிள்ளைகளுக்கு முக்காலி எடுத்துப் போடுவது. சனியின் வளையத்தையோ வியாழனின் நான்கு நிலவுகளையோ காட்டுவது. இருபது நிமிடங்களுக்குப் பின்பே கண் இருளுக்குப் பழகும். அதுவரை பொறுமையாக இருங்கள் என்று நூறு தடவை சொல்வது.

முதல் மாதத்திலேயே எனக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. பள்ளிச் சிறுவன் ஒருவன் அட்டையைப் பார்த்து, "ஐயா, அல்தெபரான் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். 'அத்தபரான்' என்றால் பின்தொடர்வது என்று அரபுச் சொல்லுக்கு உடனே பொருள் சொல்லிவிட்டேன். ஆனால் வானத்தில் அதைக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், "அதுதான் தம்பி, ரோகிணி" என்று விரலை நீட்டிக் காட்டினார். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னால் சிவந்து நின்றது அது. இருபது ஆண்டுகள் அரபு கற்பித்த எனக்குச் சொல் தெரிந்திருந்தது. அது குறித்த பொருள் தெரியவில்லை. அன்றிரவு வீடு திரும்பும்போது உறுத்தியது இதுதான்: நம் முன்னோர் பெயர் வைத்த விண்மீனைப் பிறர் எனக்குக் காட்டவேண்டியதாயிற்று.

அதன்பின் கற்றுக்கொண்டேன். ரிகல் என்பது 'ரிஜ்ல்', அதாவது கால். தெனெப் என்பது 'தனப்', வால். ஃபோமல்ஹாட் என்பது 'ஃபமுல் ஹூத்', மீனின் வாய். நம் திருவோணம்தான் அல்தாயிர், பறக்கும் கழுகு. திருவாதிரையை மேனாட்டார் பீட்டல்ஜூஸ் என்பர். அது 'யதுல் ஜவ்ஸா', ஜவ்ஸாவின் கை. எழுத்துப் பெயர்த்தவர் 'யா'வின் இரண்டு புள்ளிகளை ஒரு புள்ளியாகக் கொண்டு 'பா' என்று படித்துவிட்டார். அப்பிழையே பெயராக நிலைத்தது. என் மக்தப் பிள்ளைகளுக்குப் புள்ளியின் அருமையை உணர்த்த இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை. கப்பலோட்டியைக் குறிக்கும் 'மாலுமி' என்ற நம் தமிழ்ச் சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்பர். விண்மீன் பார்த்து வழிகாட்டியவனும் ஆசிரியனும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தார்கள்.

தொண்டு செய்பவருக்கு இன்னொரு பண்பும் வேண்டும். அது நேர்மை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாவற்றையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள் என்ற செய்திகள் உலவுகின்றன. 10ஆம் நூற்றாண்டில் அலெப்போவில் ஸைஃபுத் தவ்லாவின் அவையில் வானளவுக் கருவிகள் செய்த ஒரு பெண்மணியைப் பற்றி இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் குறிப்பிடுகிறார். அவர் தந்தை இஜ்லி. அதனால் அவர் 'அல்இஜ்லிய்யா' எனப்படுகிறார். அந்நூலில் அவ்வளவே உள்ளது. பிற்காலத்தார் அவருக்கு 'மர்யம்' என்று பெயரிட்டு, அவர் செய்யாததையெல்லாம் அவர்மேல் ஏற்றினர். பொய்யான பெருமையை ஒரு பிள்ளை பின்னாளில் கண்டுகொண்டால், நாம் சொன்ன உண்மையையும் அது சந்தேகிக்கும். ஒரு பெண் அக்காலத்தில் அக்கலையைக் கற்று, அரசவையில் பணியாற்றினாள் என்ற ஒரு வரி உண்மையே நம் பெண் மக்களுக்குப் போதுமானது.

நம் வீடுகளுக்கு என்ன பயன்?

ஒவ்வோர் ஆண்டும் பிறை விவகாரத்தில் நம் ஊர்களில் நேர்வதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் அண்ணன் பெருநாள் தொழச் செல்கிறார். தம்பி நோன்பு வைத்திருக்கிறார். உம்மா யாருக்குச் சோறு போடுவது என்று அடுப்படியில் நின்று கண் கலங்குகிறார். இக்கட்டுரை அதற்கு ஃபத்வா வழங்க வரவில்லை. அது உலமாக்களின் சபைக்குரியது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். வாதிடுவோரில் பலர் தம் வாழ்நாளில் ஒரு முறைகூட 29ஆம் நாள் மாலையில் மேற்கு வானத்தை நோக்கி நின்றதில்லை. சந்திரச் சுற்று சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் என்பதும், அதனாலேயே மாதம் 29ஆகவோ 30ஆகவோ அமைகிறது என்பதும், அமாவாசைக்குப் பின் சூரியனைவிட்டுப் போதிய தூரம் விலகினால்தான் பிறை கண்ணுக்குப் புலப்படும் என்பதும் தெரிந்திருந்தால், கருத்து வேறுபட்டாலும் குரல் உயராது. அறியாமையால் எழும் சண்டையாவது குறையும்.

உடனே செய்யக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். ஆண்டில் இரண்டு முறை கஅபாவின் நேர் உச்சியில் சூரியன் வரும். மே 28ஐ ஒட்டி இந்திய நேரப்படி பிற்பகல் 2:48க்கும், ஜூலை 16ஐ ஒட்டி 2:57க்கும் அது நிகழும். அந்நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டுவையுங்கள். நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசையே உங்கள் வீட்டின் கிப்லா. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம், நிழலே போதும். வாப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து இதைச் செய்யட்டும். முவக்கித்தின் பணி என்னவென்று அப்போது புரியும்.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அம்மா, உங்கள் மகள் கோளரங்கத்தில் செய்யப்போவது மார்க்கத்திற்கு வெளியே உள்ள வேலையன்று. தொழுகை நேரம் தவறாமல், பாதுகாப்பாகச் சென்றுவரும் ஏற்பாட்டோடு அவளை அனுப்புங்கள். இயன்றால் ஒருமுறை நீங்களும் உடன் செல்லுங்கள். அங்கு வரும் பிள்ளைகளில் பல சமயத்தாரும் இருப்பார்கள். புர்கா அணிந்த ஒரு பெண் முக்காலியைப் போட்டு, "வா தங்கம், இதோ பார் சனிக்கோள்" என்று அவர்களுக்குக் காட்டும்போது, நம்மைப் பற்றி எவரும் சொல்லித்தராத ஒன்றை அவர்கள் தெரிந்துகொள்வார்கள். கோளரங்கத்தை அரசு கட்டித் தரலாம். அதைப் பேணி, அடுத்தவருக்குக் காட்டும் கைகளை நம் வீடுகள்தாம் தர வேண்டும்.

கடைசியாகக் கேள்விப்பட்டது: அந்தப் பிள்ளை வரும் சனிக்கிழமை போகிறாள். அவளுடைய வாப்பாவே வண்டியில் அழைத்துச் செல்கிறாராம். முதல் இரவில் ரோகிணியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.

பயன்தரும் கல்வியையும், அதைப் பிறருக்கு எத்திவைக்கும் பணிவையும் நமக்கும் நம் சந்ததியருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! வானத்தைப் பார்த்து நம் நேரங்களைக் காத்துத் தந்த முன்னோர்களின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.